ஷெர்மன் டாங்குக்கு வெல்டிங் வைப்பதற்கு முன்னும் பின்னும்

பழைய டாங்கை மீட்டெடுக்க இறங்குபவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் வெல்டிங் ஹோல்டரைத்தான். முதல் சில மாதங்களுக்குத் தொடவே கூடாத கருவி அது. கவசத் தகட்டில் வைத்த வெல்டு மாலையில் பார்க்கும்போது கச்சிதமாக இருக்கும். மறுநாள் வந்து பார்த்தால், வெல்டுக்குப் பக்கத்திலேயே தகட்டில் முடி அகலத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருக்கும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வைத்துப் பழகிய கைக்கு இது புதிராகத் தோன்றும். ஆனால் காரணம் தெளிவானது, தடுக்கவும் முடியும்.

இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் ஷெர்மன், அதாவது எம்4 டாங்க். 1942 முதல் 1945 வரை 49,000-க்கும் மேல் செய்யப்பட்டதால் உலகின் பல மூலைகளில் இன்னும் கிடக்கிறது. உதிரி பாகமும் அந்தக் காலப் பராமரிப்புக் கையேடும் கிடைக்கின்றன. 1944-45-இல் பர்மாவில் இந்தியப் படைகள் ஓட்டியதும் இதைத்தான். முதல் வேலையாகப் பழகுவதற்கு இதைவிட இணக்கமான டாங்க் கிடையாது.

எந்த ஷெர்மன் என்று முதலில் அறியுங்கள்

ஷெர்மன் என்பது ஒரே வண்டி அல்ல. எம்4ஏ1-இன் மேல் உடல் ஒரே வார்ப்பு; மூலைகள் எல்லாம் உருண்டு இருக்கும். எம்4ஏ2, எம்4ஏ3, எம்4ஏ4 ஆகியவை தகடுகளை வெல்டு செய்து கட்டியவை; மூலைகள் கூராக இருக்கும். இன்ஜினும் ஒன்றல்ல. ஏ1-இல் விமானத்துக்காக வடிவமைத்த 9 சிலிண்டர் ரேடியல் பெட்ரோல் இன்ஜின். ஏ2-இல் இரண்டு டீசல் இன்ஜின்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஏ3-இல் ஃபோர்டின் வி8. ஏ4-இல் ஐந்து ஆறு-சிலிண்டர் இன்ஜின்களை ஒன்றாகக் கோத்த 30 சிலிண்டர் பூதம். அந்தப் பூதத்துக்கு இடம் வேண்டி உடலையே நீட்டியதால் ஏ4-இன் சங்கிலியில் ஒரு பக்கத்துக்கு 83 கண்ணிகள், மற்றவற்றில் 79. கண்ணிகளை எண்ணாமல் சங்கிலி வாங்கிவிட்டுக் கையைப் பிசைவது தேவையில்லாத செலவு.

வரிசை எண் பின்பக்க இழுவைக் கொக்கிக் காதுகளில் குத்தப்பட்டிருக்கும். துருவை உளியால் கொத்தாதீர்கள். கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்து, சாக்பீஸ் பூசி, பக்கவாட்டில் விளக்கு பிடித்தால் எண் தெரியும். வார்ப்பு முத்திரைகளையும் இதேபோல் படம் எடுத்து வையுங்கள். வண்டியின் வரலாறு அதில்தான் இருக்கிறது.

உள்ளே இறங்கும் முன்

பயிற்சித் திடலில் இலக்காக நிறுத்திச் சுடப்பட்ட டாங்க் என்றால் உள்ளே வெடிக்காத குண்டு இருக்கக்கூடும். பழைய துப்பாக்கி ரவைகள் அடித்தளத்து எண்ணெய்ச் சேற்றில் புதைந்து கிடப்பது சாதாரணம். உரிய வெடிபொருள் நிபுணர் பார்த்துச் சொல்லும்வரை கிரைண்டர்கூட ஓடக்கூடாது. எரிபொருள் தொட்டியையும் விட்டுவிடக் கூடாது. 2017-இல் இங்கிலாந்தில் ஒரு பழைய டாங்கின் டீசல் தொட்டியைத் திறந்தவர்களுக்குத் தங்கக் கட்டிகள் கிடைத்தன. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது. ஆனால் யாரும் பார்க்காத இடம் அது என்பதற்கு அதுவே சாட்சி.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டுகளிலும் புகைபோக்கிச் சுற்றுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்து எடுத்து, பையில் கட்டி அகற்ற வேண்டும். அந்தக் காலக் கருவிகளின் முள்ளும் எண்ணும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளிர்வது நின்றிருந்தாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை. அந்தக் கடிகாரங்களின் கண்ணாடியைத் திறக்க வேண்டாம். துப்பாக்கி, பீரங்கி சட்டப்படி செயலிழக்கச் செய்யப்பட்டதற்கான தாளை வண்டி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

கழற்றும் வரிசை

வண்டி சுமார் 30 டன். ஜாக்கிக்குக் கீழே கான்கிரீட் தரை வேண்டும். மண்தரை என்றால் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. தூக்கிய ஒவ்வொரு அங்குலத்துக்கும் கட்டை செருகிக்கொண்டே வாருங்கள்.

சங்கிலியைக் கழற்றும் முன், அதை இழுத்துப் பிடிக்கும் பின்பக்க ஐட்லர் சக்கரத்தின் இறுக்கத்தை முழுக்கத் தளர்த்த வேண்டும். சங்கிலியை ஓட்டும் பல்சக்கரம் முன்பக்கத்தில், ஐட்லர் பின்பக்கத்தில். ஐட்லரின் அச்சு மையம் தள்ளிச் சுழல்வதால்தான் சங்கிலி இறுகுகிறது, தளர்கிறது. ஒரு பக்கச் சங்கிலியே ஒரு டன்னைத் தாண்டும். இணைப்பு விட்டதும் அது சரிந்து ஓடும் திசையில் ஆள் நிற்கக்கூடாது.

ஒரு பக்கத்துக்கு மூன்று போகிகள், அதாவது சக்கரங்களைத் தாங்கும் வில் கூடுகள்; ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரங்கள். போகிக்குள் நிற்கும் சுருள்வில்கள் அழுத்தத்தில் இருக்கும். அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் போல்ட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. கியர்பாக்ஸ் முன்னால் இருப்பதும் நினைவிருக்கட்டும். டிரைவர் காலுக்கு முன்னால் இருக்கும் உருண்டை மூக்கே அதன் கூடு. போல்ட் வரிசையைக் கழற்றினால் கூடும் கியரும் ஒன்றாக முன்னால் வரும். அதைத் தாங்க கிரேன் வேண்டும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று தகரத் துண்டில் எழுதிக் கம்பியால் கட்டுங்கள். அட்டையும் மார்க்கர் பேனாவும் எண்ணெயில் ஒரு வாரம் தாங்காது.

இது என்ன எஃகு?

ஷெர்மனின் பக்கத் தகடு 38 மி.மீ., முன் சரிவு வகையைப் பொறுத்து 51 அல்லது 63.5 மி.மீ. கவச எஃகில் கார்பன் சாதாரணத் தகட்டைவிட அதிகம். மாங்கனீஸ், மாலிப்டினம் போன்ற கலப்புகளும் உண்டு. இப்படிப்பட்ட தடித்த தகட்டில் ஆர்க் பட்டால், உருகிய இடத்தை ஒட்டிய பகுதி சிவக்கச் சூடாகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டைச் சட்டென உறிஞ்சுகிறது. தண்ணீரில் முக்கியெடுத்த உளிபோல அந்தப் பகுதி கடினமாகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. வெல்டிங் ராடின் மேல்பூச்சு ஈரத்திலிருந்தும் பெயின்ட், எண்ணெய், துருவிலிருந்தும் வரும் ஹைட்ரஜன் உருகிய உலோகத்தில் கரைந்து, பிறகு மெல்ல நகர்ந்து அந்தக் கடினமான இடத்தில் சேர்கிறது. வெல்டு சுருங்கும்போது தகட்டை இழுக்கிறது. தடித்த தகடு வளைந்துகொடுப்பதில்லை. கடினம், ஹைட்ரஜன், இழுவை மூன்றும் சேர்ந்தால் விரிசல். ஹைட்ரஜன் நகர்ந்து சேர நேரம் எடுப்பதால் சில மணி நேரம் கழித்தோ, இரண்டு நாள் கழித்தோ அது வெளிப்படும். மாலை வெல்டு காலையில் ஏமாற்றுவது இதனால்தான்.

உங்கள் தகட்டின் கலவையை அறிய ஆய்வகத்தில் தீப்பொறி நிறமாலைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைகளில் கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ரே கருவி கார்பனைக் காட்டாது. நமக்கு வேண்டியதோ முதலில் கார்பன். அறிக்கை வந்ததும் கணக்கு இது: கார்பன் சதவீதம், அதோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம்-மாலிப்டினம்-வனேடியம் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல்-செம்பு கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு. உதாரணமாக கார்பன் 0.28, மாங்கனீஸ் 1.4, மாலிப்டினம் 0.4 என்றால், 0.28 + 0.23 + 0.08 = 0.59. இந்த எண் 0.40-க்குக் கீழே இருந்தால் சாதாரண வெல்டிங் பழக்கம் போதும். 0.59 என்றால் கீழே சொல்லும் எதையும் விடக்கூடாது.

தொழிற்சாலையில் கவசத் தகடுகளை இணைக்கப் போரின்போது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் வகை ராடுகளையே பயன்படுத்தினார்கள். பழைய இணைப்பைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள்: சுற்றிலும் துருவாக இருக்க, வெல்டு மட்டும் வெள்ளியாகப் பளபளத்தால் ஸ்டெயின்லெஸ்தான். காந்தமும் தகட்டில் ஒட்டுவதுபோல அங்கே இறுகப் பிடிக்காது.

ராடு

கவசத்துக்கு 307 அல்லது 309எல் வகை ஸ்டெயின்லெஸ் ராடுதான் நம்முடைய பரிந்துரை. அந்த உலோகம் ஹைட்ரஜனைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்ளும், கடினப் பகுதிக்கு எளிதில் விடாது. கூடவே இழுத்தால் நீளும், உடையாது. விலை அதிகம்தான். ஆனால் விரிசல் விட்ட இணைப்பை மறுபடி தோண்டும் கூலியை எண்ணிப் பார்த்தால் அது மலிவு.

ஹைட்ரஜன் குறைவாக விடும் 7018 வகை ராடையும் கவசத்தில் பயன்படுத்துபவர்கள் உண்டு. அதற்குத் தகட்டை 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, வேலை முடியும்வரை அந்தச் சூட்டைக் காக்க வேண்டும். புதியவர்களுக்கு அது வேண்டாம். கொக்கி, தாங்கி, பெட்டி என்று சாதாரண எஃகு வேலைக்கு 7018 அருமையான ராடு. டப்பா திறந்து கிடந்த 7018-ஐ 350 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் காயவைத்து, 120 டிகிரி சூட்டுப் பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்துங்கள். வெயிலில் காயவைத்தால் போதும் என்பது பட்டறைக் கதை. ஸ்டெயின்லெஸ் ராடுக்கும் உலர்த்தும் சூடு டப்பாவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாதாரண 6013 ராடு கவசத்தின் பக்கமே வரக்கூடாது.

விரிசலை மூடுவது

முதலில் விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முனை உண்மையான முனை அல்ல. இடத்தைச் சுத்தம் செய்து, சிவப்பு ஊடுருவு சாயம் தெளித்து, 10 முதல் 20 நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியை அடியுங்கள். சிவப்புக் கோடு எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அதுவரை விரிசல். அதன் இரு முனைகளுக்கும் சற்று அப்பால் 6 முதல் 8 மி.மீ. துளை போடுங்கள். இல்லாவிட்டால் சூடு பட்டதும் விரிசல் உங்களுக்கு முன்னால் ஓடும்.

பிறகு விரிசலை முழு ஆழத்துக்கும் தோண்டி எடுக்க வேண்டும். மேலே பூசி மறைத்த வெல்டு ஒப்பனை மட்டுமே. கிரைண்டரால் தோண்டலாம். கார்பன் ராடு வைத்துக் காற்றோடு தோண்டினால் வேகம். ஆனால் தோண்டிய பரப்பில் கார்பன் ஏறியிருக்கும், அதை 1 முதல் 2 மி.மீ. வரை கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். பள்ளத்தின் வாய் சுமார் 60 டிகிரி, அடிப்பகுதி கூராக இல்லாமல் வளைந்து இருக்க வேண்டும். தோண்டி முடித்ததும் மறுபடி சாயம் அடித்து, சிவப்பு எங்கும் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். பள்ளத்தின் இரு பக்கமும் 100 மி.மீ. வரை பெயின்ட் இல்லாமல் வெள்ளை எஃகு தெரிய வேண்டும்.

எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். உடலில் வெல்டு வைத்துக்கொண்டு எர்த்தைப் பீரங்கியோடு சுழலும் மேல் கோபுரத்தில் மாட்டினால் கரன்ட் நடுவில் இருக்கும் குண்டு பேரிங் வழியாகப் பாயும். குண்டுகளில் ஊசிமுனைப் பள்ளங்கள் விழும், பிறகு கோபுரம் சுழலும்போது கடகடக்கும். சக்கரப் பேரிங்குக்கும் இதே கதிதான். 24 வோல்ட் பேட்டரிகளின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

புரொபேன் பர்னரால் பள்ளத்தைச் சுற்றி 100 மி.மீ. அகலத்துக்கு மெல்லச் சூடேற்றுங்கள். 307-க்கும் 309எல்-க்கும் 100 டிகிரி போதும். ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் 150-ஐத் தாண்டவிடாதீர்கள். சூட்டை அளக்க, குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் க்ரேயான் கிடைக்கும். முடிந்தால் தகட்டின் மறுபக்கத்தில் கோடு போட்டுப் பாருங்கள். முன்பக்கம் சூடாக இருந்து உள்ளே குளிர்ந்திருப்பது வழக்கமான ஏமாற்று. கேஸ் கட்டிங் டார்ச்சால் ஒரே இடத்தைச் சுட்டுப் பழுக்க வைப்பது சூடேற்றுவதாகாது.

3.2 மி.மீ. ராடு, நேர்மின்சாரம் (டிசி), ஹோல்டர் பாசிட்டிவில், 80 முதல் 110 ஆம்பியருக்குள். முதலில் பள்ளத்தின் இரு சுவர்களிலும் ஓர் அடுக்கு பூசுங்கள், வெண்ணெய் தடவுவதுபோல. இணைப்பின் இழுவை வருவதற்கு முன்பே கவசத்தின்மேல் இளகிய உலோகம் ஒன்று படிந்துவிடும். பிறகு நடுவை நிரப்புங்கள். ராடை அகல வீசாமல் நேராக இழுங்கள். ஒரு முறைக்கு 50 முதல் 75 மி.மீ. போதும், அதுவும் பின்னோக்கி: முடிக்க வேண்டிய இடம் முந்தின துண்டின் தொடக்கமாக அமையட்டும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் குழியை நிரப்பிவிட்டு ஆர்க்கை எடுங்கள். குழியோடு விட்டால் அங்கே நட்சத்திரம்போல விரிசல் பிறக்கும். கசடை முழுக்கத் தட்டி, கம்பி பிரஷ் போட்டுவிட்டே அடுத்த அடுக்கு. நடு அடுக்குகளைச் சூடு இருக்கும்போதே உருண்டைமுனைச் சுத்தியலால் லேசாகத் தட்டலாம். முதல் அடுக்கையும் கடைசி அடுக்கையும் தட்டக்கூடாது.

பள்ளத்துக்கு வெளியே ராடை உரசி ஆர்க் பிடிக்கும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். கவசத்தில் அந்த ஒரு பொட்டு போதும், கடினப் புள்ளியாகி விரிசலுக்கு விதையாகும். தவறி விழுந்தால் கிரைண்டரால் அந்த இடத்தை எடுத்துவிடுங்கள்.

முடித்ததும் வெப்பப் போர்வையால் மூடி, தானாக ஆறவிடுங்கள். காற்றடிப்பதும் தண்ணீர் தெளிப்பதும் கூடாது. 48 மணி நேரம் கழித்து மறுபடி சாயச் சோதனை. அதற்கு முன் பெயின்ட் அடிப்பவர் விரிசலை மறைக்கிறார்.

ஒட்டுத் தகடு

இலக்குக் குண்டுகள் துளைத்த ஓட்டைக்கு ஒட்டுத் தகடு வேண்டும். வண்டி போருக்குப் போகப் போவதில்லை. கவச எஃகைத் தேடி அலையத் தேவையில்லை. சாதாரணக் கட்டுமானத் தகடு போதும், வெல்டும் எளிது. 38 மி.மீ. தகடு எல்லாக் கடையிலும் கிடைக்காது. 40 மி.மீ. வாங்கி, மிஞ்சும் 2 மி.மீ.-ஐ உள்பக்கம் தள்ளிவிடலாம். ஓட்டையைச் சதுரமாக வெட்டினால் மூலைகளில் இழுவை குவியும். மூலைகளை 50 மி.மீ. ஆரத்துக்காவது வளைத்து வெட்டுங்கள்.

இரு பக்கமும் எட்ட முடிந்தால் இரட்டை வி பள்ளம் வெட்டுங்கள். கணக்குப் போட்டால் காரணம் புரியும்: 38 மி.மீ. தடிமனில், 3 மி.மீ. இடைவெளியில், ஒரே பக்க 60 டிகிரி பள்ளத்தை நிரப்ப மீட்டருக்குச் சுமார் 7.4 கிலோ உலோகம் வேண்டும். இரு பக்கமும் வெட்டினால் சுமார் 4.2 கிலோ. ராடின் பூச்சும் முனைத் துண்டும் கழிந்துபோவதால் வாங்க வேண்டியது அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். 300 மி.மீ. சதுர ஒட்டுக்குச் சுற்றளவு 1.2 மீட்டர், இரட்டைப் பள்ளத்துக்கே எட்டு கிலோ ராடு வாங்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். வெளியே ஓர் அடுக்கு, உள்ளே ஓர் அடுக்கு, எதிரெதிர் பக்கங்களில் மாறி மாறிப் போட்டால் தகடு கோணாது.

ஒட்டுத் தகட்டின் உள்பக்கத்தில் வேலை செய்த ஆண்டைக் குத்திவையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர் எது அசல், எது ஒட்டு என்று அறிய வேண்டும். தொழிற்சாலை வெல்டின் கரடுமுரடையும் வார்ப்பின் சொரசொரப்பையும் கிரைண்டரால் வழவழப்பாக்குவது மன்னிக்க முடியாத தவறு. ஷெர்மனின் முகமே அதுதான். எல்லா ஓட்டையையும் மூடத்தான் வேண்டுமா என்பதும் கேள்வி. 1944-இல் கடலில் மூழ்கி 1984-இல் இங்கிலாந்தின் டார்கிராஸ் கரைக்கு இழுத்துவரப்பட்ட ஷெர்மன் ஓடுவதில்லை. துருவைத் தடுக்கும் கரும்பூச்சோடு நினைவுச்சின்னமாக நிற்கிறது. அதுவும் மீட்டெடுப்புதான்.

உள்ளே வெல்டிங்

டாங்கின் உட்புறம் மூடிய தொட்டிக்குச் சமம். மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் வகை) வெளிவரும் ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் காற்றைவிட எடை கூடியவை. அடித்தளத்தில் தேங்கி, குனிந்தவரைச் சத்தமில்லாமல் சாய்க்கும். புகையை வெளியே இழுக்கும் விசிறி, வடிகட்டி முகமூடி, வெளியே ஓர் ஆள் ஆகிய மூன்றும் கட்டாயம். ஸ்டெயின்லெஸ் ராடின் புகையில் நுரையீரலைக் கெடுக்கும் குரோமியம் உண்டு என்பதால் துணி முகமூடி பயன்படாது. அடித்தளத்து எண்ணெயை நீராவி அடித்துக் கழுவிய பிறகே ஆர்க். வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் தீயணைப்பானோடு யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். எரிபொருள் தொட்டியைக் கழற்றி வெளியே வையுங்கள். காலியான தொட்டிக்கு வெல்டு வைப்பது தற்கொலை. அந்த வேலையைத் தொட்டிகளுக்கென்றே உள்ள பட்டறையிடம் விடுங்கள்.

மட்கார்டு, சாமான் பெட்டி போன்ற மெல்லிய தகடுகளுக்கு மிக் வெல்டிங், 0.8 மி.மீ. கம்பி. 25 மி.மீ. துண்டு துண்டாக, இடம் மாற்றி மாற்றி வைத்தால் நெளியாது. இதற்கு மேல் இதில் ரகசியம் இல்லை.

இன்ஜினும் பெயின்டும்

ரேடியல் இன்ஜினில் கீழ்நோக்கித் தொங்கும் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் வடிந்து தேங்கும். எண்ணெய் அமுங்காது. செல்ஃப் மோட்டாரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையும். ஒவ்வொரு முறையும் கைப்பிடியால் கிராங்க் தண்டு இரண்டு முழுச் சுற்று வரும்வரை சுற்றுங்கள். எங்காவது முட்டினால் பலம் காட்டாதீர்கள், திருப்பியும் சுற்றாதீர்கள். கீழ் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டுத் தொடருங்கள். ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் பிளக்குகள் மொத்தம் 18.

மணலடித்துத் துருவை எடுக்கும் முன் கோபுரப் பேரிங்கையும் எல்லாத் துளைகளையும் அடையுங்கள். ஒரு பிடி மணல் பேரிங்குக்குள் போனால் கோபுரத்தை மறுபடி இறக்க வேண்டும். மணலடித்த எஃகு அன்றைக்கே, ஈரக்காற்று என்றால் சில மணி நேரத்திலேயே, எபாக்ஸி பிரைமர் பார்க்க வேண்டும். வெளியே ஆலிவ் பச்சை, உள்ளே வெள்ளை.

ஓடாமல் காட்சிக்கு மட்டும் நிற்கப்போகும் டாங்க் என்றால், அது ஷெர்மனோ ஆவடியில் செய்த விஜயந்தாவோ, எதிரி மழைநீர். அடித்தளத்து வடிகால் மூடிகளைக் கழற்றி, துளையில் கம்பி வலை வைத்துவிடுங்கள். மேல்மூடிகளுக்கு ரப்பர் போடுங்கள். மூடி இல்லாத டாங்க் ஒரு மழைக்காலத்தில் கிணறாகிவிடும்.

முதல் ஓட்டம்

சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் பக்கக் கொக்கிகளை ஆப்பும் நட்டும் பிடித்திருக்கின்றன. புதிதாகக் கோத்த சங்கிலியில் அவை கட்டாயம் தளரும். முதலில் அரை கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்தி, கொக்கிகளைச் சுத்தியலால் அடித்து உட்காரவைத்து, எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். சக்கர மையங்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பேரிங்கில் கிரீஸ் இல்லை அல்லது இறுக்கம் அதிகம். பத்து கிலோமீட்டர் ஆனதும் போகி போல்ட்டுகளைப் பாருங்கள். பிறகு சாய டப்பாவை மறுபடி எடுத்து, போகி மாட்டும் இடங்களுக்கு அருகே நீங்கள் வைத்த வெல்டுகளின் முனைகளில் பெயின்டை விரலகலம் சுரண்டி, சிவப்புக் கோடு வருகிறதா என்று பாருங்கள்.